கத்தரிப்பூ வெளிச்சமும் அரை மதிப்பெண்ணும்

கொல்கத்தாவின் பாலிகஞ்சில் இருக்கும் கீழ்த்திசை ஒளி அளவை நிலையத்தின் தாழ்வாரத்தில் ஒரு டியூப்லைட் நான்கு வருடமாகக் கண்ணடித்துக்கொண்டிருக்கிறது. நிமிடத்துக்கு எத்தனை தடவை அடிக்கிறது என்று அளந்து, பளபளப்பான அட்டை போட்டு ஓர் அறிக்கையும் வெளியிட்டாகிவிட்டது. மாற்றத்தான் வழியில்லை, அளப்பது ஒரு பிரிவு, மாற்றுவது வேறு பிரிவு. அந்த டியூப்லைட்டுக்கு நேர் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர்தான் ஏழுமலை. அரக்கோணத்துப் பூர்வீகம், சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறப்பு வளர்ப்பு, வயது ஐம்பத்து மூன்று, பதவி ஆய்வுக்கூட உதவியாள்.

விதிப்படி அவர் வேலை தூசி தட்டுவது. விதியில் இல்லாதபடி மற்ற எல்லாமும். விஞ்ஞானிகள் வருவதற்குள் பாதரச விளக்கை ஏற்றிச் சூடாக்கி, நிறமாலைமானியை மயிரிழை மயிரிழையாகத் திருகி, தெரிகிறதா தெரியவில்லையா என்று ஓரமாக ஒதுங்கி நிற்கும் கத்தரிப்பூ நிறக் கோட்டைக் கொண்டுவந்து குறுக்குக் கம்பியில் நிறுத்திவிடுவார். விஞ்ஞானி வருவார், ஒரு கண்ணை வைப்பார், "பா, கூப் பாலோ" என்று வங்காளத்தில் மெச்சுவார், பதிவேட்டில் 'அளந்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார். இருபத்தாறு வருடத்தில் அந்தக் கட்டத்தில் ஏழுமலையின் பெயர் ஒரு தடவைகூட ஏறியதில்லை. டெக்னிக்கல் அசிஸ்டென்ட் ஆனால்தான் அதில் கை வைக்கலாம்.

சம்பளம் கூடுமே என்று யாராவது சொன்னால் அவர் தலையாட்டுவார். ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றரை அங்குலக் கட்டம்தான். அதற்காகத் துறைத் தேர்வு மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் தோற்றார். நான்காவதுதான் கடைசி, அதற்குப் பிறகு வயது வரம்பு இடம் கொடுக்காது. இந்த வருடம் முடிவு வந்தது. தேற ஐம்பது. ஏழுமலைக்கு நாற்பத்தொன்பது.

போன ஒரு மதிப்பெண் பதினேழாம் கேள்வியில் போயிருந்தது. ஒரு ஃபோட்டானின் ஆற்றல் 4.97 × 10⁻¹⁹ ஜூல். அந்த ஒளியின் அதிர்வெண் என்ன? ஒளி பொட்டலம் பொட்டலமாக வருகிறது, ஒரு பொட்டலத்துக்குப் பெயர் ஃபோட்டான். பொட்டலத்தின் ஆற்றலை பிளாங்க் மாறிலி என்கிற துக்கிணியூண்டு எண்ணால் வகுத்தால், ஒளி நொடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்பது வந்துவிடும். ஏழுமலை வகுத்தார். 7.5 × 10¹⁴ வந்தது, அதாவது நொடிக்கு எழுநூற்றைம்பது லட்சம் கோடி தடவை. அவர் தினமும் குறுக்குக் கம்பியில் நிறுத்துகிற கத்தரிப்பூ நிறத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரன்தான் அது.

நிலையம் வெளியிட்ட விடை 3.29 × 10⁻⁵². யாரோ வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருக்கிறார்கள். புள்ளி வைத்து ஐம்பத்தோரு பூஜ்யம் போட்ட பிறகு ஒரு மூன்று. அந்த வேகத்தில் அதிர்கிற ஒளி, அண்டம் தோன்றிய நாள் முதல் இன்றுவரை ஒரே ஒரு அதிர்வைக்கூட முடித்திருக்காது. அவ்வளவு மெதுவாக நகர்கிற பொருள் கொல்கத்தாவில் ஒன்றே ஒன்று உண்டு, அது நிலையத்தின் ஃபைல். அதற்குள்தான் ஏழுமலை இனி தலையைக் கொடுக்க வேண்டியிருந்தது.

முதலில் அவர் தன்னைத்தான் சந்தேகப்பட்டார். மூன்று தடவை தோற்றவனுக்கு அது கைவந்த கலை. லோக்கல் ரயிலில் ஜால்முடி என்கிற காரப்பொரிப் பொட்டலத்தைப் பிரித்து அதன் பின்புறத்தில் கணக்கை இன்னொரு தடவை போட்டார். 7.5 தான் வந்தது. கைநடுக்கத்தில் சரியாக வந்துவிட்டதோ என்று பயந்து, வீட்டுக்குப் போய்ப் பழைய பிளஸ் டூ புத்தகத்தைத் தூசி தட்டிப் பார்த்தார். புத்தகமும் அவர் பக்கம்தான் இருந்தது.

"இன்னாங்க இது, லைட்டுக்குன்னே ஒரு ஆபீஸ் வச்சிக்கினு, லைட்டு எவ்ளோ ஆடுதுன்னு தெரியலயா அவங்களுக்கு?" என்றாள் மனைவி தமயந்தி.

"அவ்ளோ பெரிய டாக்டருங்க தப்பு பண்ணுவாங்களா? நான்தான் எங்கயோ கோட்ட வுட்டுட்டேன்."

"மூணு தபா ஃபெயிலானதுக்கு உங்கள நீங்களே திட்டிக்கினீங்க. நாலாவது தபாவாவது இன்னொருத்தன திட்டலாம்ல? போய் கேளுங்க."

போய்க் கேட்டார். ஆட்சேபப் பிரிவில் ஹால்தார் பாபு இருந்தார். அந்தப் பிரிவின் தலைவரும் அவரே, ஊழியரும் அவரே. பதினோரு வருடத்தில் அவர் பிரிவுக்கு ஓர் ஆட்சேபமும் வந்ததில்லை. அது நிலையத்தின் தரத்துக்குச் சான்று என்று ஆண்டறிக்கையில் ஒரு பத்தியே உண்டு. ஏழுமலையைப் பார்த்ததும் பாபுவின் முகம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விருந்தாளி வந்த வீட்டுக்காரர் முகம்போல ஆனது.

"எலுமோலாய், ஆட்சேபம் என்றால் அங்கீகரிக்கப்பட்ட ஆதாரம் இணைக்க வேண்டும்" என்றார் பாதி வங்காளத்திலும் பாதி ஆங்கிலத்திலும்.

ஏழுமலை பிளஸ் டூ புத்தகத்தை நீட்டினார்.

"இது பள்ளிக்கூடப் புத்தகம். நாம் ஆராய்ச்சி நிலையம். குழந்தைகளுக்குச் சரியாக இருப்பது நமக்கும் சரியாக இருக்குமா?"

அடுத்த வாரம் கல்லூரிப் புத்தகம் கொண்டுபோனார். அது வெளிநாட்டுக்காரர் எழுதியது. வெளிநாட்டு ஒளிக்குப் பொருந்தலாம் என்றார் பாபு. அதற்கடுத்த வாரம், "சார், புத்தகமே வேணாம். விளக்கு இருக்கு, கருவி இருக்கு. வாங்க, அளந்தே காட்டிடறேன்" என்றார் ஏழுமலை.

ஹால்தார் பாபு பொரியை மென்றுகொண்டே விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பொரி ஒன்று விதி பதினான்கின்மேல் விழுந்தது. "உதவியாள் அளந்தால் அது அளவை இல்லை" என்று வாசித்தார். "அது தூசி தட்டும்போது தற்செயலாகப் பார்த்தது."

கேள்வித்தாள் தயாரித்தவர் டாக்டர் ஜெயபிரகாஷ் என்பது நிலையத்தில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். கோவில்பட்டிக்காரர், தமிழ் பேச ஆள் வேண்டுமென்றால் மட்டும் ஏழுமலையின் ஸ்டூல் பக்கம் வருவார். ஏழுமலை அவரைப் படிக்கட்டில் மடக்கினார்.

"சார், வகுக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியும்யா, நல்லாவே தெரியும்லா" என்றார் ஜெயபிரகாஷ், மேலும் கீழும் பார்த்துவிட்டு. "ஆனா எனக்குத் தெரிஞ்சது எதையும் நிலையம் அங்கீகரிக்கலையே. விடையை அங்கீகரிச்ச ஆதாரத்துல இருந்துதான் எடுக்கணும்னு விதி. புத்தகம் வாங்குற டெண்டர் ஒம்பது வருசமா நிக்கி. இருக்கிற ஒரே ஆதாரம் உம்ம ஆய்வுக்கூடத்துச் சுவர்ல தொங்குற பலகைதான். அதுல என்ன இருக்கோ, அதை அப்படியே போட்டேன்."

"தப்புன்னு தெரிஞ்சுமா சார்?"

"தப்புன்னு சொன்னா ஏன் தப்புன்னு ஒரு குறிப்பு எழுதணும். குறிப்புக்கு ஆதாரம் கேப்பாங்க. விடையை அங்கீகரிச்ச அதிர்வெண் குழுவுக்கே நீரு மனுப் போடும். அவங்களே வந்து பலகையைப் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாக இறங்கிப் போய்விட்டார்.

ஜெயபிரகாஷ்தான் பார்த்து எழுதும்போது கோட்டை விட்டிருப்பார் என்று நினைத்து, பலகையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஏழுமலை மனுப் போட்டார். மூன்று மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, அதிர்வெண் குழு பலகையை நேரில் ஆய்வு செய்யப் புறப்பட்டது. ஆய்வுக்கூடம் அதே தாழ்வாரத்தில் பத்தடி தள்ளித்தான் இருந்தது. இருந்தாலும் வெளி ஆய்வு என்பதால் முன்னால் ஒருவர் நாற்காலிகளையும் பின்னால் ஒருவர் சந்தேஷ் இனிப்புப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நடுவில் இயக்குநர் டாக்டர் லாஹிரி சால்வையோடு வந்தார். பத்தடிப் பயணத்துக்குப் பயணப்படி உண்டா என்று ஓர் உறுப்பினர் ஹால்தார் பாபுவிடம் தணிந்த குரலில் விசாரித்தார். ஏழுமலை துடைக்கிற துணியோடு ஓரமாக நின்றார்.

பலகைக்கு முன்னால் நின்று லாஹிரி பேசினார். "நண்பர்களே, நாற்பத்தோரு வருடமாக நாம் ஒளியை அளந்துவருகிறோம். நம்முடைய ஓர் அளவாவது தப்பு என்று வெளியே யாராவது சொன்னது உண்டா? கிடையாது. காரணம் என்ன? நம் அளவு எதையும் நாம் வெளியே விட்டதில்லை. இந்தக் கட்டுப்பாட்டைத்தான் இன்று ஓர் ஆட்சேபம் அசைத்துப் பார்க்கிறது. பலகை என்ன சொல்கிறதோ அதுவே முடிவு."

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஏழுமலையும் பார்த்தார். நீல எழுத்தில் ν = E h என்று இருந்தது; ν அதிர்வெண், E ஆற்றல், h பிளாங்க் மாறிலி. இரண்டு எழுத்துக்கு நடுவில் ஒன்றும் இல்லையென்றால் பெருக்கு என்று அர்த்தம். இது ஏழாம் வகுப்பிலிருந்து எல்லோருக்கும் தெரியும்.

"பெருக்கு" என்றார் லாஹிரி.

"பெருக்குதான்" என்றது குழு.

அந்தப் பலகையை எழுதியதே ஏழுமலைதான். இரண்டாயிரத்து எட்டில் நிலையத்தின் வெள்ளிவிழாவுக்கு, கையெழுத்து அழகாக இருக்கிறது என்று அவரைப் பிடித்து எழுத வைத்தார்கள். E-க்கும் h-க்கும் நடுவில் சாய்வாக ஒரு வகுத்தல் கோடு போட்டது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கோடு எங்கே போயிற்று என்று யோசிக்கும்போதே, கையிலிருந்த துணி கனத்தது.

வருடாவருடம் செப்டம்பர் பதினேழு, விஸ்வகர்மா பூஜை. வங்காளிகள் கருவிக்கெல்லாம் மாலை போடுவார்கள். ஏழுமலைக்கு அது போதாது. நம்ம ஊர் ஆயுத பூஜை வழக்கப்படி பார்த்ததற்கெல்லாம் சந்தனம் குழைத்துக் குங்குமப் பொட்டு வைப்பார். பலகைக்கும் ஒரு பொட்டு, லட்சணமாக நட்ட நடுவில், E-க்கும் h-க்கும் மத்தியில். குங்குமம் தமயந்தி காளிகாட்டில் வாங்கித் தருவது, எண்ணெய்ப் பிசுக்கோடு அட்டைபோல ஒட்டிக்கொள்ளும். மறுநாள் ஈரத்துணி போட்டு அழுத்தி அழுத்தித் துடைத்தால்தான் போகும். பதினாறு பொட்டு, பதினாறு துடைப்பு. பொட்டோடு போனது கொஞ்சம் கொஞ்சமாகக் கோடும்தான். தினமும் சாமி படத்தைக் கும்பிடுகிறவன் சாமிக்குக் கையில் எத்தனை வளையல் என்று எண்ணிப் பார்ப்பானா? ஏழுமலையும் பார்த்ததில்லை. ஊர் முழுக்கத் திருடனைத் தேடிவிட்டு வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்ற மாதிரி இருந்தது.

அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் தமயந்தி இடுப்பில் கை வைத்தாள்.

"அப்போ என் குங்குமத்தால தான் போச்சிங்கிறீங்க?"

"குங்குமம் இன்னா பண்ணும்? தொடச்ச கை இந்தக் கை. பக்தியில நெத்தி எது கணக்கு எதுன்னு தெரியாத போச்சு எனக்கு. அடுத்தவன் தப்பு கண்டுபிடிக்கப் போய் எம்மூஞ்சியிலேயே நான் கரி பூசிக்கினேன்."

"சொல்லாத வுட்டா?"

"மார்க்கு வராது. பிரமோஷன் போச்சு."

"சொன்னா?"

"அங்கீகாரம் பண்ண பலகைய அழிச்சேன்னு சார்ஜ் ஷீட்டு. அப்பவும் போச்சு."

தமயந்தி ரசத்தைக் கிளறினாள். "ரெண்டு பக்கமும் போறதுன்னா, சொல்லிட்டே போவட்டும். வர்ற புள்ளைங்கல்லாம் அந்தப் பலகையப் பாத்து பெருக்கிக்கினு இருந்தா அந்தப் பாவம் நம்மள சும்மா வுடாது."

அடுத்த வியாழக்கிழமை குழுவின் முன்னால் ஏழுமலை கைகட்டி நின்று எல்லாவற்றையும் சொன்னார். இருபத்தாறு வருட சர்வீஸில் குழு அவர் பேச்சைக் கேட்பது இதுதான் முதல் தடவை, அதுவும் குற்றவாளியாக. தனக்கே சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டார்.

லாஹிரி ஒரு சந்தேஷைப் பிட்டார். "நீ கோட்டை அழித்ததாகச் சொல்கிறாய். சூத்திரத்தைத் திருத்தும் அதிகாரம் உன் பதவிக்கு உண்டா?"

"இல்ல சார்."

"அதிகாரம் இல்லாதவன் எப்படித் திருத்த முடியும்? ஆகவே நீ திருத்தவில்லை. எழுதிக்கொள்ளுங்கள் ஹால்தார்: கோடு அழிக்கப்படவில்லை."

ஏழுமலைக்கு உயிர் திரும்பியது. மூலையில் இருந்த ஜெயபிரகாஷ் தொண்டையைச் செருமினார். "சார், கோடு அழியலைன்னா கோடு இருக்குன்னு ஆகுது. கோடு இருந்தா வகுக்கணும். வகுத்தா நம்ம விடை தப்பாயிடும்."

லாஹிரி இரண்டாவது சந்தேஷை எடுத்தார்.

"கோடு இருக்கிறது என்றால் விடையை அங்கீகரித்த குழு தவறு செய்தது. இல்லை என்றால் பலகையை அங்கீகரித்த குழு தவறு செய்தது. இரண்டு குழுவும் நாம்தான். நாம் தவறு செய்வதற்கு விதியில் இடமில்லை. விஞ்ஞானம் பிடிவாதம் பிடிக்கலாம், நிர்வாகம் பிடிக்கக் கூடாது. இவர் விடையையும் நம் விடையையும் கூட்டி இரண்டால் வகுத்துவிடுவோம். யாருக்கும் மனக்கசப்பு இல்லை."

ஜெயபிரகாஷ் கால்குலேட்டரைத் தட்டினார். 3.75 × 10¹⁴ வந்தது. குழுவின் விடையைச் சேர்த்ததைக் கால்குலேட்டர் கவனிக்கவே இல்லை. ஏழுமலையின் விடையை அப்படியே பாதியாக்கிக் கொடுத்திருந்தது. மேஜையைத் தட்டி ஆமோதித்தார்கள்.

ஏழுமலையால் வாயைக் கட்ட முடியவில்லை. "சார், அது அகச்சிவப்பு சார். கண்ணுக்கே தெரியாது. நம்ம விளக்குல தெரியறது கத்தரிப்பூக் கலரு."

"கண்ணுக்குத் தெரியாதா?" லாஹிரியின் முகம் மலர்ந்தது. "மிகவும் நல்லது. தெரியாததை யார் வந்து ஆட்சேபிக்கப் போகிறார்கள்?"

ஒரு வாரத்தில் ஆணை வந்தது. நிலையத்தின் சரித்திரத்தில் ஒரு வாரத்தில் வந்த ஒரே ஆணை அதுதான். பதினேழாம் கேள்விக்கு இரண்டு விடையும் பாதி சரி. ஏழுமலைக்கு அரை மதிப்பெண். நாற்பத்தொன்பதரையை ஐம்பதாக்க இயக்குநருக்கு அதிகாரம் உண்டு, ஆக்கினார். ஏழுமலை இன்று முதல் டெக்னிக்கல் அசிஸ்டென்ட். முதல் பணி, குழுவின் பாதி விடை வரும்படி பலகையை ν = E/2h என்று திருத்தி எழுதுவது. கீழே 'தயாரித்தவர்' என்று போட்டுக் கையெழுத்திட வேண்டும். மாட்டேன் என்றால் ஐம்பது மறுபடி நாற்பத்தொன்பதரை ஆகிவிடும் என்று ஹால்தார் பாபு அன்பாக எடுத்துச் சொன்னார்.

இருபத்தாறு வருடம் பெயர் வர வேண்டும் என்று தவம் கிடந்தவர் ஏழுமலை. பெயர் வந்தது, இப்படி வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் மாட்டேன் என்று சொல்லும் தைரியம் தனக்கு இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். வீரன் என்று தன்னை அவர் என்றைக்கும் நினைத்ததில்லை. தூரிகையை எடுத்தார். சூத்திரத்தை நல்ல எனாமல் பெயின்ட்டில் இரண்டு பூச்சு பூசி எழுதினார். அந்த 2-ஐ மட்டும் தண்ணீர் கலந்த பெயின்ட்டில் ஒரே பூச்சோடு நிறுத்திக்கொண்டார். கையெழுத்தைத் தமிழில் போட்டார். அங்கே ஜெயபிரகாஷைத் தவிர யாருக்கும் படிக்கத் தெரியாது. அவர் படித்தாலும் படிக்கவில்லை என்றுதான் சொல்வார்.

மறுநாள் காலை விளக்கை ஏற்றினார். கத்தரிப்பூக் கோடு வழக்கம்போல ஓரத்தில் வந்து நின்றது. பதிவேட்டை விரித்தார். 'அளந்தவர்' கட்டம் இப்போது அவருடையது. ஆனால் அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் அதிர்வெண்ணைப் பலகைப்படிதான் எழுத வேண்டும். பேனாவைத் திறந்தார், மூடினார். விளக்கு இன்னும் சூடாகவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பதிவேட்டை மூடி வைத்தார். அடுத்த நாளும் விளக்கு சூடாகவில்லை. அந்த மாதம் முழுக்க அப்படியே போயிற்று.

செப்டம்பர் பதினேழு வந்தது. வளாகத்தில் தாக் மேளம் கொட்டினார்கள், கருவிகளுக்கெல்லாம் மாலை விழுந்தது. தமயந்தி காளிகாட் குங்குமத்தை வழக்கத்தைவிட இரண்டு பங்கு பொட்டலம் கட்டித் தந்திருந்தாள். ஏழுமலை பலகைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு ஏறினார்.

"இந்தத் தடவை பொட்டு கொஞ்சம் தள்ளி இருக்கிறதே, எலுமோலாய்?" என்றார் பிரசாதத்தோடு வந்த ஹால்தார் பாபு.

"எங்க ஊரு சம்பிரதாயம் சார்" என்றார் ஏழுமலை, அந்த 2-இன் மேல் குங்குமத்தை அப்பிக்கொண்டே.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்தார். ஈரத்துணியை எடுத்தார். போன கோடு போவதற்குப் பதினாறு வருடம் பிடித்தது. அவர் ஓய்வு பெற ஏழு வருடம்தான் இருக்கிறது. துணியை இரண்டாக மடித்து, நன்றாக அழுத்தித் துடைக்க ஆரம்பித்தார்.